பச்சை டீ ஆபீஸும் பிரிசில்லாவின் கட்டியும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜவுளிக்கடையில், சேலைப் பிரிவில் பிரிசில்லாவுக்கு வேலை. கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறங்கும்வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். கடையில் வேலை பார்ப்பவர்கள் உட்காரலாம் என்று சட்டம் வந்த பிறகு முதலாளி ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டார். அதன்மேல் பட்டுப்புடவை கட்டிய பொம்மை ஒன்றை நிறுத்தினார்கள். அது இன்னமும் அங்கேதான் நிற்கிறது.

நாற்பத்திரண்டு வயதில் அவளுக்கு உதிரப்போக்கு ஆரம்பித்தது. மூன்று நாளில் நிற்க வேண்டியது பத்து நாள் போயிற்று. பிறகு மாதத்தில் எந்த நாள் சுத்தம், எந்த நாள் இல்லை என்று பிரித்துப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். வலி பெரிதாக இல்லை. சோர்வுதான். ஆரம்பத்தில் அந்தச் சோர்வு பயமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. அதற்கும் அப்புறம் எதுவுமே உறைக்காமல் போயிற்று. குழம்பில் உப்பு இல்லை என்று புருஷன் சார்லஸ் சொன்னால்தான் அவளுக்குத் தெரிந்தது. சித்தி செத்த வீட்டில் எல்லாரும் கதறியபோது அவள் சுவரில் சாய்ந்து, சுவர் குளுகுளுவென்று இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் ஆரஞ்சு அளவுக்கு ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை, ஹார்மோனின் தூண்டுதலில் வளர்கிற சாதாரணக் கட்டி, பெண் மருத்துவரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

சார்லஸ் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனியில் எலெக்ட்ரீஷியன். உயர் மின்னழுத்தக் கம்பியைத் தொடப் பயப்படாதவன், ஆஸ்பத்திரி என்றால் நடுங்குவான்.

"போனா அறுக்கணும்னுதான் சொல்லுவாங்க பிரிசி. எங்க அத்தைக்கு அறுத்தப்புறம் ஒரு கொடம் தண்ணி தூக்குனதில்ல. கொஞ்சம் பொறு, வேற வழி இருக்குதான்னு பாக்கலாம்."

வேற வழி அவனுடைய செல்போனுக்கே வந்து சேர்ந்தது. 'கத்தியின்றி, தையலின்றி, ஒரு கோப்பையில் உங்கள் ஹார்மோன் உங்கள் கையில்!' சிதம்பரத்தில் இருந்தது அந்த இடம். முழுப்பெயர் பசும்பானப் பெண்நல உயராய்வு நிறுவனம். ஆட்டோக்காரர்களுக்கு அது பச்சை டீ ஆபீஸ்.

வார விடுமுறையில் பிரிசில்லா பஸ் ஏறினாள்.

நிறுவனம் புறவழிச்சாலையில், முன்பு கல்யாண மண்டபமாக இருந்த கட்டடத்தில் நடந்தது. மணமகன் அறையில் கம்ப்யூட்டர்கள். மணமகள் அறையில் இயக்குநர். பந்தி போடும் கூடத்தில் பெண்கள். இயக்குநர் வைத்திலிங்கம் டாக்டர்தான், எதில் டாக்டர் என்று அங்கே யாரும் கேட்டதில்லை. வாசல் கல்வெட்டில் அவர் முனைவர். உள்கதவில் டாக்டர். மேடைத் திரையில் விஞ்ஞானி. உள்ளே போகப் போகப் பட்டம் ஏறிக்கொண்டே இருந்தது.

ஒருங்கிணைப்பாளர் ஸ்ரீமதி சின்னப் பெண், மரியாதையான பெண். பிரிசில்லாவை உட்காரவைத்து, ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டாள்.

"பச்சை டீல கேட்டகின்னு ஒரு சத்து இருக்கு மேடம். அது ஈஸ்ட்ரோஜனோட ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்கும். வெளிநாட்டுல சில பேருக்கு இந்தக் கட்டி சுருங்கினதா பேப்பர் வந்திருக்கு."

"எத்தினி பேருக்கு?"

"சில பேருக்கு."

அந்தச் சில பேர் கூடத்துச் சுவரொட்டியில் பல பேராக இருந்தார்கள். இயக்குநர் அறை வாசலில் 'உலகப் பெண்கள்' ஆகியிருந்தார்கள்.

"டாக்டரம்மா எப்ப பாப்பாங்க?" என்று கேட்டாள் பிரிசில்லா.

"இங்க பேஷன்ட் பாக்க மாட்டாங்க மேடம். டேட்டாதான் பாப்பாங்க. நீங்க பேஷன்ட் இல்ல, பங்கேற்பாளர்."

பிரிசில்லா தலையாட்டினாள். பெயர் எதுவானால் என்ன, உட்கார நாற்காலி இருந்தது.

சேர்க்கை விழா நடந்தது. குத்துவிளக்குக்குப் பதிலாக ஒரு வெண்கலக் கெண்டியை நடுவில் வைத்திருந்தார்கள். இயக்குநர் வந்து அதன் மூடியைத் திறந்தார். ஆவி வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு புதிய பங்கேற்பாளர்கள் எழுந்து நின்று, வலது கையில் காலிக் கோப்பையை ஏந்தி, உறுதிமொழி எடுக்க வேண்டும்.

"பாலையும் சர்க்கரையையும் துறந்து, கேட்டகின்களின் மீது முழு நம்பிக்கை வைத்து, நிறுவனத்தின் வரைபடம் கீழ்நோக்கி இறங்க என்னால் இயன்ற அனைத்தையும் செய்வேன் என்று உளமார உறுதி கூறுகிறேன்."

பிரிசில்லாவும் கூறினாள். நின்றதில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் மங்கலம்பேட்டையிலிருந்து வந்த புஷ்பவள்ளி. அவளுக்கும் கட்டிதான்.

"இன்னாக்கா, மயக்கமா? எனக்கும் அப்டித்தான். புடிச்சிக்க" என்றாள் அவள், உறுதிமொழியின் நடுவிலேயே.

கூடத்தில் வியாதிவாரியாக வரிசை பிரித்திருந்தார்கள். தைராய்டு இடது பக்கம், சினைப்பை நீர்க்கட்டி நடுவில், மாதவிடாய் நின்று உடம்பு கொதிப்பவர்கள் ஜன்னலோரம், கர்ப்பப்பைக் கட்டி சுவரோரம். கெண்டி மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

ஒன்றுதான் என்று சொல்வதும் சரியில்லை. பாதிப் பேருக்கு உண்மையான பச்சை டீ, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் தண்ணீர். யாருக்கு எது என்பது குடிப்பவருக்கும் தெரியக் கூடாது, கொடுப்பவருக்கும் தெரியக் கூடாது என்பது ஆராய்ச்சி விதி. விதியை நிறுவனம் மிகவும் மதித்தது. ரகசியத்தைப் பத்திரமாகக் காத்துக் காத்து, கடைசியில் எது எதில் இருக்கிறது என்பது நிறுவனத்தில் ஒருவருக்குமே தெரியாமல் போயிற்று. ஆண்டறிக்கையில் இதை 'முழுமையான நடுநிலை' என்று குறிப்பிட்டிருந்தார்கள்.

பிரிசில்லா வீட்டுக்குப் போகும்போது ஒரு பை கொடுத்தார்கள். அதில் தேயிலைப் பொட்டலங்களும் ஒரு வெப்பமானியும் இருந்தன. தண்ணீர் கொதிக்கக் கூடாது, எண்பது டிகிரிதான். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் உடனே குடிக்க வேண்டும். குடிக்கும்போது பேசக் கூடாது. சார்லஸ் வெப்பமானியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, கரண்டு சாமான் ஏதோ கிடைத்தமாதிரி சந்தோஷப்பட்டான். தினமும் அவனே தண்ணீர் வைத்து, குனிந்து முள்ளைப் பார்த்து, "எம்பது, எம்பது! எறக்கு!" என்று கத்துவான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அடுப்படிக்குள் வந்தது அதற்குத்தான். பிரிசில்லா பேசாமல் குடிப்பாள். வைக்கோலை ஊறவைத்த மாதிரி ஒரு ருசி என்று சார்லஸ் சொன்னான். அவளுக்கு அதுவும் தெரியவில்லை.

கொஞ்ச காலம் போயிற்று. உதிரம் குறையவில்லை, ஜாஸ்தியாயிற்று. சிதம்பரம் போனபோது ஸ்ரீமதியிடம் சொன்னாள்.

ஸ்ரீமதி கம்ப்யூட்டரில் தேடினாள். "மேடம், இதுல மூணுதான் இருக்கு. 'குறைந்துள்ளது', 'மிகவும் குறைந்துள்ளது', 'முற்றிலும் நின்றுவிட்டது'. உங்களுக்கு எது?"

"ஜாஸ்தியா போவுதும்மா."

"அது இல்லையே மேடம். சரி, 'குறைந்துள்ளது'ல போடறேன், அதுதான் இருக்கறதுலயே கம்மி."

இப்படியாக பிரிசில்லாவின் உதிரப்போக்கு நிறுவனத்தின் வரைபடத்தில் சீராக இறங்கிக்கொண்டே வந்தது. கடலூரில் அவள் முகம் சுண்ணாம்பு பூசினமாதிரி வெளுத்துக்கொண்டே வந்தது. கடைக்கு வந்த ஒரு பெண் அவளைப் பார்த்து, "நல்லா கலரா ஆயிட்டீங்களே, இன்னா க்ரீம் போடறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நகமெல்லாம் வெளிறி, மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொண்டபோது, நேராக இயக்குநரைப் பார்த்துவிடலாம் என்று சார்லஸும் கூட வந்தான். மணமகள் அறையில் வைத்திலிங்கம் பால் போட்ட காபி குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார். காபி வேண்டுமா என்று கேட்கவில்லை, பிரிசில்லா உறுதிமொழி எடுத்தவள்.

"சார், ரொம்ப முடியல. பெரியாஸ்பத்திரில காமிச்சிடலாமான்னு..." என்று சார்லஸ் இழுத்தான்.

வைத்திலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். அவர் குரலில் கோபமில்லை. பாசம்தான் இருந்தது.

"தம்பி, உங்க மனைவி ஒரு தனி ஆள் இல்ல. அதை முதல்ல நீங்க புரிஞ்சிக்கணும். அவுங்க ஒரு புள்ளி. இந்த மாதிரி பல புள்ளிய வெச்சுத்தான் நாங்க கோடு போடறோம். ஒரு புள்ளி ஆஸ்பத்திரிக்குப் போச்சுன்னா அந்தக் கோடு என்ன ஆவும்? உடைஞ்சிடும். நாளைக்கு எதிர்காலப் பெண்கள் நம்மள என்ன கேப்பாங்க?"

"எதிர்காலப் பெண்கள் இருக்கட்டும் சார். இவளுக்கு..."

"சிகிச்சைதான் அறிவியலோட பெரிய எதிரி தம்பி. நடுவுல எவனாவது வைத்தியம் பண்ணி குணமாக்கிட்டா, எதனால குணமாச்சுன்னு நமக்குத் தெரியாமயே போயிடும். எத்தனையோ நல்ல ஆராய்ச்சி இப்படித்தான் வீணாப் போச்சு. பங்கேற்பாளர் பாதியில இறந்துகூடப் போகலாம். அதுக்கு எங்ககிட்ட முறை இருக்கு, கணக்குல சரிபண்ணிக்கலாம். ஆனா பாதியில வெளியே போகக் கூடாது."

சொல்லிவிட்டு பிரிசில்லாவைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார். "பயப்படாதீங்கம்மா. உங்க டேட்டா ரொம்ப அழகா வந்துக்கிட்டு இருக்கு."

சார்லஸும் அவளும் பஸ்ஸில் திரும்பினார்கள். பரங்கிப்பேட்டைப் பிரிவு தாண்டியதும், "அவரு உன்னைப் புள்ளின்னாரு" என்றான். பிரிசில்லா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தனக்கு அது ஏன் உறைக்கவில்லை என்று மெதுவாக யோசித்தாள். யோசனை முடிவதற்குள் தூக்கம் வந்துவிட்டது.

அந்த வாரத்தில்தான் கடையில் விழுந்தாள். மேல் தட்டிலிருந்து ஒரு கல்யாணப் புடவையை உருவிப் பிரித்து உதறியவள், புடவையோடு சேர்ந்து தரையில் சரிந்தாள். கூட வேலை செய்த பெண்கள் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

ரத்தம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. முதல் பாட்டில் ஏற்றும்போது டாக்டர் மாலதி கட்டிலருகே வந்து, கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். கூச்சல் போடாத பெண்மணி, ஆனால் அன்றைக்குக் குரல் உயர்ந்தது.

"இத்தனை மாசம் என்னம்மா பண்ணிட்டு இருந்த? இரும்பு மாத்திரையாவது சாப்பிட்டியா?"

"சாப்ட்டேன் டாக்டர். சாப்ட்டுட்டு ஒடனே டீயும் குடிச்சேன். பச்சை டீ. மூணு வேளையும்."

"சாப்பாடு முடிச்ச கையோட டீ குடிச்சா இரும்புச்சத்து உடம்புல எப்படிம்மா ஒட்டும்?"

"அது பச்சை டீங்க டாக்டர். ஹார்மோனுக்கு."

"பச்சையோ செவப்போ, டீ டீதான். ஆராய்ச்சி நடக்கட்டும், நான் வேணாங்கல. நாளைக்கு அதுல ஒரு மருந்து வந்தா நானே எழுதித் தருவேன். அதுக்காக ரத்தம் கொட்டிட்டு இருக்கறவங்கள உக்கார வெச்சு டீ ஊத்துவாங்களா?"

கட்டி பெரிதாகி, நட்டநடுவில் இருந்தது. என்னென்ன வழி இருக்கிறது, எதில் என்ன கஷ்டம் என்று மாலதி இரண்டு பேருக்கும் பொறுமையாகச் சொன்னார். சொல்லிவிட்டு, பேசி முடிவு பண்ணுங்கள் என்று நகர்ந்துபோனார். சார்லஸ் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நீ சொல்லு பிரிசி. ஒன் ஒடம்பு."

அவளிடம் யாரும் இப்படிக் கேட்டு ரொம்ப நாளாயிற்று. "எடுத்துடச் சொல்லு" என்றாள்.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அவளுக்கு மயக்கம் தெளிந்தபோது சார்லஸ் வார்டு வராந்தாவில் நின்று அழுதுகொண்டிருந்தான். அவள் அதைக் கதவு வழியாகப் பார்த்தாள். பாவம் என்று தோன்றியது. ஏதோ ஒன்று தோன்றியதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து உடம்பு தேறிக்கொண்டிருக்கையில் ஸ்ரீமதி போன் செய்தாள். கடைசி ஸ்கேனுக்கு வரவேண்டுமாம்.

"எனக்கு ஆப்பரேஷன் ஆயிடுச்சும்மா. கர்ப்பப்பைய எடுத்தாச்சு."

"அக்கா" என்றாள் ஸ்ரீமதி. முதல் தடவையாக மேடம் போய் அக்கா வந்தது. "அதெல்லாம் சிஸ்டம்ல கேக்காதுக்கா. நீங்க வரலன்னா விட்டுட்டுப் போனதா ஆயிடும். ஏற்கெனவே நெறைய பேர் போயிட்டாங்க. என்னை வேலைய விட்டுத் தூக்கிடுவாங்கக்கா."

சார்லஸ் போகக் கூடாது என்றான். பிரிசில்லா போனாள். அந்தப் பெண்ணின் குரல் உடைந்தது அவள் காதிலேயே நின்றது.

ஸ்கேன் எடுத்த பையன் திரையை உற்றுப் பார்த்தான். கருவியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான். "கட்டி இல்லையே. கர்ப்பப்பையும் இல்லையே" என்றான். கம்ப்யூட்டரில் கர்ப்பப்பைக்குக் கட்டம் கிடையாது. கட்டியின் அளவுக்கு மட்டும்தான் கட்டம் உண்டு. ஸ்ரீமதி பிரிசில்லாவின் முகத்தைப் பார்க்காமல் பூஜ்யம் என்று அடித்தாள்.

மணமகன் அறையில் யாரோ விசில் அடித்தார்கள். வைத்திலிங்கம் காபியோடு ஓடிவந்தார். நிறுவனத்தின் வரலாற்றில் ஒரு கட்டி நூற்றுக்கு நூறு கரைந்தது அதுதான் முதல் முறை.

சிதம்பரத்திலேயே ஒரு பெரிய ஹோட்டல் அரங்கில் விழா வைத்தார்கள். மேடையில் பிரிசில்லாவின் படம் ஆளுயரத்துக்கு நின்றது. படத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு செங்குத்தாகக் கீழே விழுந்திருந்தது. பொன்னாடை போட்டார்கள். வைத்திலிங்கம் பேசினார்.

"நேரடியாகவே சொல்கிறேன். இந்தச் சகோதரி எங்களிடம் வந்தபோது கட்டியோடு வந்தார். இன்று கட்டி இல்லை. இடையில் நடந்தது என்ன? பச்சைத் தேநீர்! இடையில் வேறு என்னென்னவோ நடந்திருக்கலாம் என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள். வேறு எதையும் நாங்கள் பதிவு செய்யவில்லை. பதிவு செய்யாத ஒன்று எப்படி நடந்திருக்க முடியும்?"

கைதட்டல் ஓய்ந்ததும் மைக்கை பிரிசில்லாவிடம் கொடுத்தார்கள். அவளுக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை.

"எனக்கு டீல ஒண்ணும் ஆவல. கடலூர் பெரியாஸ்பத்திரில கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க. அதான் கட்டி இல்ல."

வைத்திலிங்கம் எழுந்து இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தட்டினார். "பார்த்தீர்களா தன்னடக்கத்தை! கட்டி இருந்த இடமே தெரியாமல் போயிற்று என்பதை எவ்வளவு எளிமையாகச் சொல்கிறார்!" அரங்கம் எழுந்து நின்று தட்டியது.

மைக்கை வாங்க ஒருவர் வந்தார். அதற்குள் கடைசி வரிசையிலிருந்து புஷ்பவள்ளி எழுந்தாள். அவள் முகம் வெளுத்து, உதடும் தோலும் ஒரே நிறமாக இருந்தது.

"அக்கா, அங்க ஓ.பி. எந்தக் கெழமை?"

பிரிசில்லா மைக்கை விடவில்லை. "தெனமும் உண்டு. காலையிலேயே வந்துடு, சீட்டு வாங்கணும். டாக்டர் மாலதின்னு கேளு."

"திட்டுவாங்களாக்கா?"

"திட்டுவாங்க. ஆனா நம்மள பாத்துத் திட்டுவாங்க."

இன்னொரு பெண் எழுந்தாள். பிறகு இன்னொருத்தி. எத்தனை நாள் படுக்க வேண்டும், கூட யார் இருக்க வேண்டும், குடம் தூக்கலாமா, கட்டியை மட்டும் எடுப்பார்களா, தைராய்டுக்கும் அங்கே மாத்திரை உண்டா. சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்கள் மேடைக்குக் கீழே வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஆராய்ச்சியில் பெண்களுக்கு இவ்வளவு ஆர்வமா என்று நெகிழ்ந்த வைத்திலிங்கம், போட்டோகிராபரைக் கூப்பிட்டு அந்தக் கூட்டத்தைப் படமெடுக்கச் சொன்னார்.

அடுத்த நாள் காலையில் பிரிசில்லா பெரியாஸ்பத்திரி வாசலில் நின்றாள். விருத்தாசலம் பஸ்ஸில் வந்த புஷ்பவள்ளி, துணிப்பையோடு ஆட்டோவிலிருந்து இறங்கினாள். அவள் கையைப் பிடித்தபோது அது ஜில்லென்று இருந்தது பிரிசில்லாவுக்கு உறைத்தது. அவளை வார்டில் சேர்த்துவிட்டுத்தான் கடைக்குப் போனாள். அதன்பின் வந்தவர்களையும் அவள்தான் கூட்டிக்கொண்டு போனாள். எல்லாருக்கும் அறுக்கவில்லை. நீர்க்கட்டிக்காரர்களுக்கு மாத்திரையே போதுமாயிருந்தது. சிலருக்குக் கட்டியை மட்டும் எடுத்தார்கள். தைராய்டுக்காரர்கள் மாத்திரையோடு வீட்டுக்குப் போனார்கள். ஸ்ரீமதி ஒவ்வொருத்தியாகப் போன் போட்டு, கடைசி ஸ்கேனுக்கு மட்டும் வந்துவிட்டுப் போகச் சொன்னாள். பாவப்பட்ட பெண் என்று எல்லாரும் ஒருமுறை போய்விட்டு வந்தார்கள்.

அந்த வருஷம் நிறுவனத்தின் முடிவுகள் முன்னெப்போதும் இல்லாத அளவுக்குச் சிறந்திருந்தன. தண்ணீரின் வெப்பத்தை எண்பதிலிருந்து எழுபத்தெட்டு டிகிரியாகக் குறைத்ததுதான் இதற்குக் காரணம் என்று வைத்திலிங்கம் கண்டுபிடித்து, அதற்கு ஒரு விருதும் வாங்கினார். விருதுச் செய்தியைச் சொல்ல ஸ்ரீமதிதான் பிரிசில்லாவைக் கூப்பிட்டாள்.

"அது கெடக்கட்டும். ஸ்கேனுக்கு வந்தப்ப புஷ்பவள்ளி, மத்தவங்க எல்லாம் நல்லாருந்தாங்களா?" என்று கேட்டாள் பிரிசில்லா.

"அது தெரியலக்கா" என்றாள் ஸ்ரீமதி, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே. "கட்டி வந்தவங்க எல்லாரும் ஜீரோ."